அளவையின் அமானிதம்: திருவந்திபுரம் முதல் இமயம் வரை



கடந்த மே மாதம், காட்டுமன்னார்கோயிலில் எங்கள் கோடைக்காலத் தீனியாத் வகுப்புக்கு வந்த மாணவர்கள் மூவர், லுஹர் தொழுகைக்குப் பின் தத்தம் வீட்டுக் கைபேசிகளைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டு கிப்லாவைத் தேடிக்கொண்டிருந்தனர். மூன்று திரைகளிலும் ஒரே எண் மின்னியது: 290.15 பாகை. ஆனால் மூன்று அம்புகளும் மூன்று பக்கம் பார்த்தன. ஒன்று மிஹ்ராபை ஒட்டி நின்றது. ஒன்று வாசற்பக்கம் சாய்ந்திருந்தது. மற்றொன்று எவரும் தொடாமலே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. "எண் ஒன்றுதானே ஹஜ்ரத், திசை எப்படி மூன்றானது?" என்று கேட்டான் அவர்களில் இளையவன்.

அந்த எண் கணக்கிலிருந்து வருவது. நம் ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மக்காவினுடையவையும் தெரிந்தால், எந்தக் கைபேசியும் ஒரே விடையைத்தான் தரும். அம்போ கைபேசிக்குள் இருக்கும் சிறு காந்த உணரியிலிருந்து வருவது. பக்கத்தில் இரும்புப் பீரோ இருந்தால் அது ஏமாறும். உறையில் காந்தம் இருந்தாலும் ஏமாறும். இரண்டு தசம இடங்கள் வரை எழுதப்பட்ட எண்ணைக் கண்டதும், அம்பும் அதே அளவு சரியாகத்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. அவனுக்கு அன்று நான் சொன்ன விடை சுருக்கமானது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அளவையியலில் இரண்டு சொற்கள் உள்ளன. பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் நம் பிள்ளைகள் படிப்பவைதாம்: துல்லியம், நுட்பம். அளந்த மதிப்பு உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது துல்லியம். திரும்பத் திரும்ப அளந்தால் விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக அமைகின்றன என்பது நுட்பம். நுட்பம் இருந்தும் துல்லியம் இல்லாமற்போகலாம். அடியில் சிறிது ஈயம் கூடுதலாக ஒட்டிய படிக்கல் நூறு முறை நிறுத்தாலும் ஒரே தவற்றையே தரும். அதன் ஒழுங்கே அதன் பொய்யை மறைக்கும்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரிடம் முதன்மையாக எதிர்பார்க்கப்படும் இரண்டு பண்புகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதாலத் என்பது நேர்மை; ளப்து என்பது கேட்டதைச் சிதையாமல் பேணும் திறன். நேர்மையாளராக இருந்தும் நினைவாற்றல் குன்றியவரின் அறிவிப்பு ஏற்கப்படுவதில்லை. நினைவாற்றல் மிகுந்தவராயினும் பொய்யரின் அறிவிப்பும் ஏற்கப்படுவதில்லை. இந்த இணை அளவையியலோடு முழுமையாகப் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஒரு நற்பண்பு மற்றொன்றின் இடத்தை நிரப்பாது என்ற அளவில் பொருந்துகிறது.

மூன்றாவது சொல், முக்கிய எண்ணுருக்கள். இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. வீராணம் ஏரியின் முழு நீர்மட்டத்தை நாளிதழ்கள் 47.50 அடி என்று அச்சிடுகின்றன. 47.5 என்று எழுதினால் போதாதா? கணக்குப் பாடத்தில் போதும், அளவையில் போதாது. கடைசியில் நிற்கும் அந்தச் சுழியம், "நான் அடியின் நூறில் ஒரு பங்கு வரை பார்த்தேன், அங்கே எதுவும் மிகுதியாக இல்லை" என்று கூறும் சாட்சியம். பார்க்காமல் எழுதினால் அது பொய்ச் சாட்சியம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நம் மாவட்டத்து மண்ணிலேயே தொடங்கலாம்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானார். மைசூரின் நிலம் கம்பெனியாரின் பிடிக்கு வந்தது. பிடித்த நிலத்தை ஆள்வதற்கு அதை அளக்க வேண்டும். அந்தப் போரில் பங்கெடுத்த ஆங்கிலப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் அளக்கும் பணியை முன்மொழிந்தார். அவருக்கு வேறோர் ஆசையும் இருந்தது: பூமியின் சரியான வடிவத்தை அறிவது. ஆதிக்கத்தின் தேவையும் அறிவின் தாகமும் ஒரே கூடாரத்தில் தங்கியிருந்த காலம் அது. இரண்டில் ஒன்றை மட்டும் நாம் நினைவில் வைத்தால் வரலாறு கோணிவிடும்.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே அவர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோணங்களால் ஒரு நாட்டையே அளக்க வேண்டுமானால், முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தையாவது தரையில் நேரடியாக அளந்தாக வேண்டும். மற்றவை எல்லாம் கோணங்களிலிருந்து கணக்கால் வரும். முதல் பக்கம் பிசகினால் குமரி முதல் இமயம் வரை எல்லாம் பிசகும். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, மட்டம் பார்த்து, வெப்பமானிகளை அருகே வைத்து, ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை அளந்தார்கள். கிடைத்த விடை: 40,006.4418 அடி.

வாசகர்கள் இந்த எண்ணிடம் சற்று நிற்க வேண்டுகிறேன். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள். அடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பது 0.03 மில்லிமீட்டர், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஏழரை மைல் தூரத்தை, சென்னையின் சித்திரை வெயிலில், முடியின் பருமன் வரை அளந்துவிட முடியுமா?

எஃகு வெயிலில் நீளும். 100 அடிச் சங்கிலி, வெப்பம் ஒரு பாரன்ஹீட் பாகை உயர்ந்தால், அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சங்கிலி 400 முறை கிடத்தப்பட்டது. வெப்பமானி ஒரே ஒரு பாகை பிசகிக் காட்டியிருந்தால் மொத்தத்தில் மூன்று அங்குலம் மாறிவிடும். மூன்று அங்குலம் என்பது 0.25 அடி. அப்படியானால் 40,006 வரை உறுதி. அடுத்து வரும் 4 ஐயத்துக்குரியது. அதற்கும் அடுத்து வரும் 418 சாட்சியமாகாது. லாம்டனுக்கு இது தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சங்கிலி தேய்ந்து நீண்டுவிட்டதா என்று பார்க்க, பயன்படுத்தாத இன்னொரு சங்கிலியை ஒப்பீட்டுக்கென்றே தனியே வைத்திருந்தவர் அவர். நீண்ட கணக்குகளில் இடைப்படிகளில் சில இலக்கங்களைக் கூடுதலாகச் சுமந்து செல்வது கணக்காளரின் முறை. இல்லையேல் வெட்டி எறிந்த துணுக்குகளே சேர்ந்து பிழையாகிவிடும். ஆகவே அந்தக் கடைசி இலக்கங்களை அவருடைய பெருமையாக அல்ல, கணக்கின் வழித்துணையாகவே எடுத்துக்கொள்வது நியாயம். சிக்கல் அதைப் பின்னாளில் படிப்பவரிடம்தான் ஏற்படுகிறது.

உண்மையான பிழை எவ்வளவு என்பது பின்னர் வெளிப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணங்களை மேற்கே பெங்களூர் வரை கொண்டுசென்று, அங்கே 1804-இல் வேறோர் அடிக்கோட்டைத் தரையில் அளந்தார்கள். கணக்கு சொன்ன நீளத்துக்கும் தரை சொன்ன நீளத்துக்கும் இடையே ஏழு மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் நான்கு அங்குலத்துக்கும் குறைவான வேறுபாடே இருந்தது. வியக்கத்தக்க சாதனை. ஆயினும் வேறுபாடு அங்குலங்களில்தான் இருந்தது, முடியின் பருமனில் அல்ல. தன் அளவையைத் தானே புகழ்வதைவிட, தொடர்பற்ற வேறொரு வழியில் அதைச் சோதிப்பது பெரிது. ஓர் அறிவிப்பை வேறு ஸனதுகளோடு ஒப்பிட்டு முதாபஅத், ஷவாஹித் தேடுகிற முஹத்திஸ்களும் செய்தது இத்தகையதே.

பெங்களூருக்குத் திரும்புமுன்பே லாம்டனின் முக்கோணங்கள் கடற்கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தை எட்டியிருந்தன. ஆங்கில ஆவணங்களில் அவ்வூரின் பெயர் அடையாளம் தெரியாத அளவுக்குத் திரிந்து கிடக்கிறது. அங்கிருந்து சென்னைக்கு வடக்கே வரையிலான, ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வளைவுதான் அவர் அளந்த முதல் வடக்கு–தெற்கு வில். இரு முனைகளிலும் விண்மீன்களைப் பார்த்து அட்சரேகை குறித்தார்; நடுவிலுள்ள தூரத்தை முக்கோணங்களால் பெற்றார். பூமியின் ஒரு பாகை நம் வட்டாரத்தில் எத்தனை அடி என்பது இவ்வாறு தெரிந்தது. கடலூர்ப் பேருந்தில் போகும்போது அந்தக் குன்றைப் பார்க்கிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கோணங்களை அளந்த கருவி தியோடலைட். லண்டனில் செய்யப்பட்டது, ஏறத்தாழ அரை டன் எடை, மூன்றடி விட்டமுள்ள வட்டம். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை. அவ்வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது ஒரு மில்லிமீட்டரை 450 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் அதே ஒரு விகலை ஏறத்தாழ இருபது சென்டிமீட்டராக விரியும். கடல் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்துச் சென்று, பின்னர் மரியாதையோடு திருப்பியனுப்பிய கருவி இது.

1808-இல் அது தஞ்சைக்கு வந்தது. நம் ஊரைப் போலவே தஞ்சையும் காவிரிப் பாசனத்தின் தட்டை நிலம். ஏறி நின்று பார்க்க மலையில்லை. எனவே பெரிய கோயிலின் கோபுரத்தின்மேல் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி கோபுரச் சுவரில் மோதியது. வட்டம் வளைந்துபோயிற்று.

வளைந்த வட்டத்திலும் கோடுகள் கூர்மையாகவே இருக்கும். நுண்ணோக்கி வைத்துப் படித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே எண் கிடைக்கும். நுட்பம் குறையாது, துல்லியம் போய்விட்டிருக்கும். லாம்டன் நினைத்திருந்தால் அப்படியே அளந்துகொண்டு போயிருக்கலாம். சில காலத்துக்கேனும் எவருக்கும் தெரிந்திராது. அவரோ ஆறு வாரம் கருவியோடு அடைந்துகிடந்து, வட்டத்தை ஆப்புகளாலும் திருகுகளாலும் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். ஆதிக்கவாதியின் ஊழியர் என்றாலும், அவரிடமிருந்த இந்தப் பேணுதலை நாம் மறுக்க வேண்டியதில்லை.

லாம்டன் 1823-இல் இறந்தார். பணி ஜார்ஜ் எவரெஸ்டின் பொறுப்புக்கு வந்தது. இங்கேதான் நம் நூல்களில் அதிகம் பேசப்படாத ஒருவர் வருகிறார்: ஆற்காட்டைச் சேர்ந்த ஸையித் மீர் முஹ்ஸின் ஹுசைன். சென்னையில் கைவினைத் தொழிலாளராக இருந்தவர். கல்கத்தாவிலிருந்த நில அளவைத் துறைக்குக் கருவி பழுதுபார்ப்பவராகச் சென்றார். எவரெஸ்ட் 1830-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது ஹென்றி பேரோ என்ற ஆங்கிலக் கருவித் தொழிலாளரை உடன் அழைத்துவந்தார். பேரோ பணியிலிருந்து விலகிய பின் அவ்விடத்துக்கு எவரெஸ்ட் பரிந்துரைத்தது இன்னோர் ஆங்கிலேயரை அல்ல, முஹ்ஸின் ஹுசைனை. 1843-இல் கம்பெனி அரசின் கணிதக் கருவி வினைஞர் என்ற பதவி அவருக்கு முறைப்படி கிடைத்தது. எவரையும் எளிதில் பாராட்டாத எவரெஸ்ட், இவருடைய கைத்திறனையும் அறிவுக்கூர்மையையும் மனமுவந்து புகழ்ந்தார்.

அந்தப் பதவியின் கனத்தை எண்ணிப்பாருங்கள். நில அளவையாளர் எவ்வளவு நேர்மையாக எண்ணைப் படித்தாலும், அவர் படிப்பது கருவியில் உள்ள கோட்டைத்தான். கோடு பிசகியிருந்தால் படிப்பவரின் நேர்மை பயன் தராது. மலைமேல் நின்று பார்த்தவர்களின் பெயர் சிகரங்களுக்குச் சூட்டப்பட்டது. கருவிகளைச் சீராக வைத்திருந்தவரின் பெயர் அலுவலகக் கோப்புகளில் தங்கிவிட்டது. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர்களில் இதுவும் ஒன்று.

எவரெஸ்டுக்குப் பின் ஆண்ட்ரூ வா காலத்தில், பதினைந்தாம் சிகரம் எனக் குறிக்கப்பட்ட இமயச் சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டது. ராதாநாத் சிக்தர் என்ற வங்காளிக் கணிதரின் பங்கு அதில் பெரிது. 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. இது பற்றி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பல இடங்களிலிருந்து எடுத்த அளவுகளின் சராசரி மிகச் சரியாக 29,000 அடியாகவே வந்ததாம்; அப்படியே அறிவித்தால் தோராயமாகச் சொல்லிவிட்டார்கள் என்று உலகம் நினைக்கும் என்று அஞ்சி இரண்டு அடியைச் சேர்த்தார்களாம். செய்தி உண்மையோ இல்லையோ, அது சொல்லும் சிக்கல் உண்மை. சுழியங்களும் அளந்து பெற்றவைதாம் என்பதைக் காட்ட வழி தெரியாமல், பார்க்காத இரண்டைப் பார்த்ததாக எழுதுவது. 2020-இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடிக்கு மிக அருகில். ஆக, பழைய அளவு முப்பது அடி குறைவு. முப்பது அடி ஐயத்துக்கு நடுவில் அந்த இரண்டு அடி எதற்குச் சாட்சி?

பிறர் எண்களைச் சோதிப்பது எளிது. நம்முடையதையும் சோதிப்போம். பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பீரூனி (ரஹ்), இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனாக் கோட்டை அருகே ஒரு மலையின் உயரத்தை 652 முழம் என அளந்து, உச்சியிலிருந்து பார்க்கையில் தொடுவானம் 34 கலை தாழ்ந்திருப்பதைக் கண்டு, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். விடை 12,851,369 முழம். அதற்குப் பின்னும் அறுபதின்மானப் பின்னங்கள். இன்று நம் சமூகத்தார் பகிரும் செய்திகளில் இந்த அளவு இன்றைய அளவோடு அச்சொட்டாக ஒத்துப்போவதாகப் பெருமையோடு எழுதப்படுகிறது.

அந்த முறையின் அழகை எவரும் மறுக்க முடியாது. ஆனால் 34 கலை என்பது இரண்டே முக்கிய எண்ணுருக்கள் கொண்ட அளவு. அது 35 ஆக இருந்திருந்தால் ஆரம் ஏழு இலட்சம் முழத்துக்கு மேல் குறைந்துவிடும். காற்றில் ஒளி வளைவதாலும் தொடுவானம் இடம் மாறித் தெரியும். ஒரு முழத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே அச்சொட்டு என்ற முடிவும் வருகிறது. அல்பீரூனியோ நம்மைவிடப் பேணுதல் உள்ளவர். தம் அளவு, கலீஃபா மஃமூன் காலத்து அறிஞர்கள் பாலைநிலத்தில் அளந்ததற்கு அருகில் வருவதைக் கண்டு, அவர்களது கருவிகள் நுட்பமானவை, உழைப்பு பெரிது என்று கூறி, அவர்களுடைய அளவையே ஏற்றுக்கொண்டார். அவருடைய பெருமைக்கு இது போதும். நாம் இலக்கங்களைச் சேர்க்க வேண்டியதில்லை.

வீட்டுக் கணக்கிலும் இது வருகிறது. தங்கத்தின் நிஸாபை ஏழரைத் தோலா என்று கொண்டு கிராமாக மாற்றினால் 87.48 வரும். இருபது தீனார் என்பதைத் தீனாருக்கு 4.25 கிராம் என்று பெருக்கினால் 85 வரும். இரண்டுக்கும் இடையே இரண்டரை கிராம் இருக்கையில், 87.48-இன் கடைசி எட்டைப் பற்றி இரு குடும்பத்தார் வாதிட்டதை நான் கேட்டிருக்கிறேன். எதைக் கொள்வது என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேளுங்கள், அது ஃபிக்ஹு. அந்த எட்டு, தோலாவைக் கிராமாக்கிய பெருக்கலில் பிறந்தது. முன்னோர் எவரும் தராசில் கண்டதல்ல.

அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் நபிமொழி ஒன்றை அறிவித்து முடித்ததும், "அவ் கமா கால" என்று சேர்ப்பார்களாம். அல்லது நபி (ஸல்) அவர்கள் கூறியது போன்று, என்பது பொருள். பத்தாண்டுகள் உடனிருந்து பணிவிடை செய்தவர்! தம் நினைவு எதுவரை உறுதி, எங்கிருந்து ஐயம் என்பதைக் கேட்பவருக்குக் காட்டிவிடுகிறார்கள். ஹதீஸ் நூல்களில் இன்ன அறிவிப்பாளர் இவ்விடத்தில் ஐயுற்றார் என்ற குறிப்புகள் அழிக்கப்படாமல் இன்றும் நிற்கின்றன.

மாணவர்களின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஆண்டுக்கு இருமுறை, மே 28 அளவிலும் ஜூலை 16 அளவிலும், சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. மே மாதத்தில் நம் நேரப்படி பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்நேரம் நிமிர்ந்து நிற்கும் கோலின் நிழல் கிப்லாவுக்கு நேரெதிரே விழும். காந்தம் வேண்டாம், பீரோவும் கெடுக்காது. ஐந்து நிமிடம் பிசகினாலும் நம் ஊரில் நிழல் அரைப் பாகைகூடத் திரும்பாது.

மே 28 அன்று பள்ளிவாசல் முற்றத்தில் தூக்குக்குண்டு கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டு, அதன் நிழலின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தோம். கைபேசிகளை அதனருகே வைத்தார்கள். ஒன்று கோட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. மற்ற இரண்டும் விலகின. இளையவன் நிழலின் விளிம்பு மங்கலாக இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அளவுகோல் கேட்டு வாங்கி, கோட்டின் பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதி, அதன்கீழே கோட்டின் அகலத்தையும் எழுதினான்: முக்கால் அங்குலம்.